மைக்கேல் ஸ்காட் இல்லாத அலுவலகம்: ‘தி ஆஃபீஸ்’ 8-ஆவது சீசனை எப்படி எடைபோடுவது?

நீண்ட காலம் ஓடிய நகைச்சுவைத் தொடர் எதுவானாலும், “அந்த ஒரு சீசனை மட்டும் விட்டுவிடுங்கள்” என்று பழைய ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சீசன் அதில் இருக்கும். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2005 மார்ச் முதல் 2013 மே வரை 9 சீசன்களாக, மொத்தம் 201 எபிசோடுகளாக ஒளிபரப்பான ‘தி ஆஃபீஸ்’ தொடரில் அந்தக் கெட்ட பெயரைச் சுமப்பது 8-ஆவது சீசன். பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரில் காகிதம் விற்கும் ஒரு நிறுவனக் கிளையின் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக ஏழு சீசன்கள் நடித்த ஸ்டீவ் கரெல், 2011 ஏப்ரல் 28 அன்று ஒளிபரப்பான எபிசோடுடன் விடைபெற்றார். அவர் இல்லாமல் தொடங்கிய முதல் சீசன் இது. “கரெல் போனார், தொடரும் போனது” என்ற ஒற்றை வரித் தீர்ப்பு அன்றிலிருந்து இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மீதிப் பாதியில்தான் இந்த சீசனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் இருக்கிறது என்பது என் கருத்து.

எண்கள் அந்தத் தீர்ப்புக்குச் சாதகமாகவே பேசுகின்றன. 2011 செப்டம்பர் 22 அன்று சீசனின் முதல் எபிசோடை ஏறத்தாழ 76 லட்சம் பேர் பார்த்தார்கள். 2012 மே 10 அன்று வந்த கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 45 லட்சம் பேர். 2006 முதல் 2011 வரை ஆறு ஆண்டுகள் இடைவிடாமல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதுப் பட்டியலில் இடம்பெற்று, 2006-இல் அதை வென்றும் காட்டிய தொடர், 2012-இல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது என்பது ஒரு விளைவு மட்டுமே. எட்டு ஆண்டு ஓடிய தொடருக்கு அது எப்படியும் ஓரளவு நேர்ந்திருக்கும். ஒரு சீசன் பலவீனமாக இருந்தது என்பதற்கு அது சாட்சி சொல்லலாம். எங்கே, எதனால் பலவீனமானது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பலவீனமான சீசன்கள் எல்லாம் ஒரே நோயால் பலவீனமாவதில்லை. அதே என்பிசி-யில் ஓடிய ‘கம்யூனிட்டி’ தொடரின் 4-ஆவது சீசனை எடுத்துக்கொண்டால், நடிகர்கள் அநேகமாக எல்லோரும் அப்படியே இருந்தார்கள். தொடரை உருவாக்கி வழிநடத்திய டான் ஹார்மன் மட்டும் 2012-இல் நீக்கப்பட்டிருந்தார். 13 எபிசோடுகளே கொண்ட அந்த சீசன், தன்னுடைய பழைய பாணியைத் தானே நகலெடுத்துக்கொண்டிருந்தது. ஹார்மன் திரும்பி வந்த பிறகு, அந்த ஆண்டையே எரிவாயுக் கசிவு ஏற்பட்ட ஆண்டு என்று கதாபாத்திரங்களின் வாயாலேயே சொல்லவைத்துக் கேலி செய்தார்கள். ‘தி ஆஃபீஸ்’ விஷயம் இதற்கு நேர் எதிரானது. தொடரை அமெரிக்காவுக்காக உருவாக்கிய க்ரெக் டேனியல்ஸ் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தாலும், எழுத்தாளர் குழுவை வழிநடத்திய பால் லீபர்ஸ்டைன் முந்தைய சீசன்களிலிருந்தே அந்தப் பொறுப்பில் இருந்தவர். டோபி என்ற பாத்திரத்தில் தொடக்கம் முதலே நடித்தும் வந்தவர். மிண்டி கேலிங்கும் அந்த சீசன் முழுக்க இருந்தார். (சொக்கலிங்கம் என்ற தமிழ்த் தந்தையின் மகளான இவர், தொடரின் ஆரம்பத்திலிருந்தே நடிகராகவும் எழுத்தாளராகவும் இருந்தார் என்பது நம்மவர்களில் பலருக்கு இன்றும் தெரியாது.) ஆகவே எழுதத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள் என்ற விளக்கம் இங்கே செல்லாது. அதே கைகள்தான் எழுதின. பிறகு எது குறைந்தது?

அதைப் புரிந்துகொள்ள, இந்தத் தொடரின் சிரிப்பு எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். ஆவணப்படக் குழு ஒன்று அலுவலகத்தைப் படம்பிடிப்பதான பாவனை. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. மைக்கேல் ஸ்காட் தன்னை உலகின் தலைசிறந்த மேலாளர் என்று நம்புகிறவர். கேமரா காட்டுவதோ வேறொன்று. தன்னைப் பற்றி அவர் நினைப்பதற்கும் நாம் காண்பதற்கும் உள்ள அந்த இடைவெளிதான் தொடரின் எரிபொருள். அவர் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்ததும் அவருடைய ஊழியர்களில் ஒருவரான ஜிம் கேமராவை ஏறிட்டுப் பார்ப்பதும், ஸ்டான்லி குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையை உயர்த்தாமலே இருப்பதும், பாம் உதட்டைக் கடித்துக்கொள்வதும் அந்த இடைவெளிக்குத் தரப்படும் பதில்கள். அலுவலகத்தில் இருக்கும் பதினைந்து பேரின் நகைச்சுவையில் பெரும்பகுதி எதிர்வினையால் ஆனது. எதிர்வினை காட்டுவதற்கு ஒரு வினை வேண்டும்.

மைக்கேலுக்குப் பிறகு அந்த நாற்காலியில் அதே அலுவலகத்தின் விற்பனையாளர் ஆண்டி பெர்னார்டை உட்காரவைத்தார்கள். அவரை நடித்த எட் ஹெல்ம்ஸ் அப்போது ‘தி ஹேங்ஓவர்’ படங்களால் பெரிய நட்சத்திரமாகியிருந்தார் என்பதால், இந்தத் தேர்வில் வணிகக் கணக்கும் இருந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. அதில் தவறும் இல்லை. சிக்கல் பாத்திரத்தின் இயல்பில் இருந்தது. ஆண்டிக்கும் மைக்கேலைப் போலவே எல்லோரும் தன்னை நேசிக்க வேண்டும். ஆனால் தான் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவனோ என்ற பயம் ஆண்டியின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. தன் குறையைத் தானே அறிந்து குமைகிறவனிடம் கேமரா புதிதாக எதைக் கண்டுபிடித்துக் காட்டும்? இடைவெளி மூடிக்கொண்டது. ஜிம் கேமராவைப் பார்க்கிறார். பார்வையில் பழைய கூர்மை இருக்கிறது. அதற்குப் பொருள் மட்டும் இல்லை.

இதற்கு மேல், நிறுவனத்தின் தலைமைக்கு ராபர்ட் கலிஃபோர்னியா என்ற புதிர் மனிதரைக் கொண்டுவந்தார்கள். அவராக நடித்த ஜேம்ஸ் ஸ்பேடர் 7-ஆவது சீசனின் இறுதி எபிசோடில், மேலாளர் பதவிக்கு நேர்காணலுக்கு வரும் பலரில் ஒருவராகத் தலைகாட்டியவர். அந்தச் சில நிமிடங்கள் அபாரமாக அமைந்தன. மேலாளர் வேலை கிடைத்த கையோடு ஃப்ளோரிடாவுக்குக் காரோட்டிப் போய், நிறுவனத்தின் தலைவியிடம் பேசியே அவருடைய பதவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஜிம் சொல்லும் இடத்தில் 8-ஆவது சீசன் தொடங்குகிறது. தொடக்கம் என்று பார்த்தால் இதைவிடச் சிறந்த ஒன்றைக் கேட்க முடியாது.

அந்த முதல் எபிசோடைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் சீசனின் வலிமையும் நோயும் அதிலேயே சேர்ந்து இருக்கின்றன. ராபர்ட் தன் குறிப்பேட்டை மறந்து விட்டுச் செல்கிறார். அதில் நடுவே ஒரு கோடு, கோட்டின் இருபுறமும் ஊழியர்களின் பெயர்கள். எதற்கான பட்டியல் என்று அலுவலகம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொள்கிறது. பிறகு ஒரு பக்கத்தில் உள்ளவர்களை மட்டும் அவர் மதிய உணவுக்கு அழைத்துச் சென்று, நீங்கள் வெற்றியாளர்கள், மற்றவர்கள் தோற்றவர்கள் என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். ஒரு துண்டுக் காகிதம் பதினைந்து பேரின் உள்ளத்தையும் திறந்து காட்டிவிடுகிறது. மைக்கேல் இல்லாமலே ஒரு வினை பிறந்து, ஒவ்வொருவரின் எதிர்வினையும் அவரவர் சுபாவப்படி வருகிறது. கடைசியில் ஆண்டி, தோற்றவர்களின் பட்டியலில் இருப்போர் ஒவ்வொருவரிடமும் உள்ள நல்லதை எழுதி எடுத்துக்கொண்டு ராபர்ட் முன் போய் நிற்கிறார். தன் ஆட்களுக்காக நடுங்கிக்கொண்டே வாதாடும் இப்படியொரு மேலாளரை மைக்கேலிடம் நாம் கண்டதில்லை. இந்த வழியிலேயே மேலே போயிருக்கலாம்.

அடுத்த எபிசோடிலும் அந்த வழி தெரிகிறது. விற்பனை இலக்கை எட்டினால் தன் பிட்டத்தில் ஊழியர்கள் சொல்வதைப் பச்சை குத்திக்கொள்வதாக ஆண்டி வாய்விட்டுவிடுகிறார். அவர்களும் வெறியோடு உழைத்து இலக்கை எட்டுகிறார்கள். ஆனால் மேசையில் படுத்திருக்கும் ஆண்டிக்கு அவர்கள் தேர்ந்திருப்பது முன்பு பேசிய குரூரமான படம் அல்ல, அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட செல்லப் பெயருக்கேற்ற ஒரு நாய்க்குட்டி. மேலாளரைத் தாங்கிப் பிடிக்கும் ஊழியர்கள் என்பது மைக்கேல் காலத்து உறவைத் தலைகீழாக்கிய புதிய உறவு. மூன்றாவது எபிசோடில் கிடங்குத் தொழிலாளர்கள் லாட்டரியில் ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் வென்று மொத்தமாக வேலையை விட்டுப் போய்விட, ஜிம், டுவைட், கெவின், எரின் நால்வரும் லாரியில் காகிதப் பெட்டிகளை ஏற்ற வேண்டியதாகிறது. தூக்கிச் சுமக்கச் சலித்து, தரையில் எண்ணெயைக் கொட்டி வழுக்கவிட்டுப் பெட்டிகளைத் தள்ளப் பார்க்கிறார்கள். பெட்டிகள் எண்ணெயில் ஊறி நாசமாகின்றன. மேல்தளத்தில், முன்பு கிடங்கை மேற்பார்த்த டாரில், தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதவியும் பணமும் இரண்டும் கைநழுவிய எரிச்சலில் ஆண்டியிடம் பாய, ஆண்டி முதல்முறையாகத் தயக்கமின்றி, நீதான் நடுவில் சுணங்கிப்போனாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். முந்தைய சீசன்களின் சராசரி எபிசோடுகளோடு தாராளமாக ஒப்பிடக்கூடிய எபிசோட் இது.

சரிவு எங்கே தொடங்குகிறது என்றால், எழுத்தாளர்கள் இந்தப் புதிய உறவை நம்பாமல் பழைய பள்ளத்தை நிரப்ப முனையும் இடங்களில். ஆண்டி மைக்கேலைப் போல அசட்டுக் கொண்டாட்டங்கள் நடத்தத் தொடங்குகிறார். ராபர்ட்டின் புதிர், எபிசோடுக்கு எபிசோட் தேவைக்கேற்ப மாறிக்கொண்டே போகிறது: ஒருநாள் மனங்களை ஊடுருவும் ஞானி, இன்னொருநாள் மனைவியைக் கண்டு பதறும் கணவன், மற்றொருநாள் நீச்சல்குள விருந்தில் குடித்துக் கூத்தாடும் தனியன். உள்ளம் இன்னதென்று காட்டப்படவே கூடாத ஒரு மனிதர், உள்ளங்களை வெளிச்சமிடுவதற்கென்றே பிறந்த ஆவணப்பட வடிவத்தின் மையத்தில் இருபது எபிசோடுகளுக்கு மேல் நிற்க முடியாது. இது ஸ்பேடரின் குறை அல்ல. அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் இன்றைக்கும் கேட்கச் சுகமானதுதான்.

மிக மோசமான முடிவு 2012 மார்ச் 15 அன்று வந்தது. அலுவலக வேலையாக ஃப்ளோரிடா போய் அங்கேயே தங்கிவிட்ட, தான் காதலிக்கும் எரினைத் திரும்பக் கூட்டிவர ஆண்டி காரோட்டிச் செல்லும் நேரத்தில், கேத்தரின் டேட் நடித்த நெல்லி பெர்ட்ரம் ஸ்க்ராண்டன் அலுவலகத்துக்குள் நுழைந்து, மேலாளரின் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்துகொண்டு, இனி நான்தான் மேலாளர் என்கிறார். ராபர்ட் அதை வேடிக்கை பார்க்கிறார். ஊழியர்கள் சம்பள உயர்வுக்கு மயங்கி ஒவ்வொருவராக ஒப்புக்கொள்கிறார்கள். அலுவலகங்களில் நாற்காலிப் பறிப்பு நடக்காத ஒன்றல்ல. அது நடக்கும் விதத்தில் ஒரு தந்திரமும் கோப்பும் கையெழுத்தும் இருக்கும். இங்கே வெறும் துணிச்சலே போதுமானதாகிவிடுகிறது. மைக்கேலின் மிகையான செயல்களுக்குக்கூட மனிதவளத் துறையின் டோபியும், நியூயார்க்கிலிருந்து வரும் மேலதிகாரிகளும், அச்சடித்த விதிமுறைகளும் தடையாக நின்றதால்தான் அவை நம்பும்படி இருந்தன. ஏழு சீசன்கள் காத்துவந்த அந்த நடைமுறை உலகத்தை, ஒரு புதிய பாத்திரத்தை உள்ளே கொண்டுவரும் அவசரத்துக்காகக் கலைத்துவிட்டார்கள். ஒரு நகைச்சுவை எடுபடாமல் போனால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். தொடரின் உலகத்துக்கு இருந்த விதிகள் போய்விட்டால் அதன்பின் வரும் நல்ல நகைச்சுவைகளும் வலுவிழந்துவிடுகின்றன.

இந்த இடத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய அனுபவம் ஒன்றை நினைவுகூர வேண்டும். கொரியப் போர்க்கால மருத்துவ முகாமைப் பற்றிய ‘மாஷ்’ தொடர் 1972 முதல் 1983 வரை 11 சீசன்கள் ஓடியது. 1975-இல் கட்டளை அதிகாரி ஹென்றி பிளேக்காக நடித்தவர் விலகியபோது, கண்டிப்பில்லாத, ராணுவ வாடையே இல்லாத அந்த மனிதருக்குப் பதிலாக, ராணுவத்திலேயே ஊறிய கர்னல் பாட்டரைக் கொண்டுவந்தார்கள். 1977-இல் முட்டாள் மருத்துவர் ஃபிராங்க் பர்ன்ஸ் போனபோது, கதாநாயகனுக்கு ஈடுகொடுக்கும் திறமையும் கர்வமும் கொண்ட வின்செஸ்டர் வந்தார். ‘சியர்ஸ்’ தொடரில் 1987-இல் ஷெல்லி லாங் விலகியதும், இன்னொரு படித்த பணிப்பெண்ணைத் தேடாமல், மதுக்கூடத்தையே ஒரு பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகக் கதையை மாற்றி, அதன் பழைய முதலாளியைப் புதிய பெண் மேலாளரிடம் சம்பளத்துக்கு நிற்கவைத்தார்கள். தொடர் மேலும் ஆறு சீசன்கள் ஓடியது. போனவரைப் போன்ற இன்னொருவரைத் தேடாமல், எதிரானவரைக் கொண்டுவந்து மற்ற அனைவரையும் புதிதாக எதிர்வினை புரியவைத்தார்கள் என்பதுதான் இவற்றில் பொதுவான அம்சம். ஸ்க்ராண்டனில் ராபர்ட்டை எதிரானவராகக் கொண்டுவந்தார்கள், ஆனால் அலுவலகத்துக்கு வெளியே, தலைமையிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்துக்குள் மைக்கேலின் நிழலை வைத்தார்கள். பிறகு நிழல் போதவில்லை என்று நெல்லியையும் சேர்த்தார்கள். ஒருவர் போன இடத்தில் மூவர் இடித்துக்கொண்டு நின்றதால் யாருக்கும் நிற்க இடமில்லாமல் போனது.

ஃப்ளோரிடா எபிசோடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதை எப்படிப் பார்க்கிறோம் என்பது தீர்ப்பை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அவை நல்ல உதாரணம். டுவைட், ஜிம், ஸ்டான்லி, ரயன், எரின், பாமுக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்த கேத்தி ஆகியோர் டாலஹாசி நகரில் கடை திறக்கும் திட்டத்துக்குப் போகும் இந்தப் பகுதி, 2012 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இரண்டாவது வாரம் வரை வாரத்துக்கு ஒன்றாக வந்தது. அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒரு மாதம் ஸ்க்ராண்டனின் பாதி ஆட்களைப் பிரிந்திருந்தார்கள் அன்றைய பார்வையாளர்கள். அதற்குச் சற்று முன்புதான், பேறுகால விடுப்பில் இருந்த பாமும் சில வாரங்கள் தலைகாட்டாமல் இருந்தார். இன்றோ அதே பகுதியை ஓர் இரவில் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். 2020-இல் மட்டும் அமெரிக்கர்கள் இந்தத் தொடரை இணையவழியில் 5,700 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. அப்படிப் பார்க்கிறவர்களுக்கு டாலஹாசி ஒரு சிறிய சுற்றுலா. குடல்வால் அழற்சிக்கு அறுவை சிகிச்சை முடித்த கையோடு டுவைட் கூட்டத்துக்குத் திரும்பி வந்து நிற்பதும், எப்போதும் சிடுசிடுப்பான ஸ்டான்லி வெயிலில் குதூகலமாகத் திரிவதும் சிரிப்பாகவே இருக்கின்றன. ஆனால் கேத்தி, பாமின் கணவரான ஜிம்மின் விடுதி அறைக்கு வந்து அவரை வளைக்கப் பார்க்கும் கதை எந்த வேகத்தில் பார்த்தாலும் போலியாகவே படுகிறது. ஜிம் தடுமாற மாட்டார் என்பது நமக்கும் தெரியும், எழுதியவர்களுக்கும் தெரியும்.

அந்தப் பகுதியின் கடைசி எபிசோடில் ஒரு காட்சி இருக்கிறது. துணைத் தலைவர் பதவி தனக்குத்தான் என்ற களிப்பில் டுவைட் கூட்ட அறையை நோக்கி நடக்கிறார். கடைத் திட்டத்தை ராபர்ட் கைவிடப்போவதும், பதவியில் இருப்பவரைப் பலிகொடுக்கப்போவதும் ஜிம்முக்குத் தெரிந்துவிடுகிறது. அதைச் சொன்னால் டுவைட் நம்பவில்லை. உடனே ஜிம் அவரைக் கட்டிப் பிடித்து, தரையில் உருண்டு, கதவுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறார். எட்டு ஆண்டுகள் டுவைட்டின் தொலைபேசிக்குள் காசு வைத்தும் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைத்தும் சீண்டிய அதே ஜிம், அவருடைய வேலையைக் காப்பாற்ற இப்போது அதே குறும்புத்தனத்தோடு மல்லுக்கட்டுகிறார். அலுவலகத்துக்குள் பாக்கர் என்ற இன்னொருவர் அந்தப் பதவியை ஏற்று அப்போதே வேலையிழக்கிறார். முந்தைய சீசன்கள் சேர்த்துவைத்த உறவைச் செலவழித்து அல்லாமல் கூட்டி எழுதப்பட்ட காட்சி இது. ஒரு சீசனை 24 எபிசோடுகளின் சராசரி மதிப்பெண்ணாகச் சுருக்கினால் இந்தக் காட்சி, நெல்லியின் நாற்காலியோடு கழிபட்டுக் காணாமல் போய்விடும். இவ்விரண்டையும் ஒரே குழு ஒரு வார இடைவெளியில் எழுதியது என்பதுதான் விமரிசனம் கவனிக்க வேண்டிய செய்தி.

சீசனின் முடிவில் பழைய மேலதிகாரி டேவிட் வாலஸ் புதிதாகச் சேர்ந்த பணத்தோடு வந்து நிறுவனத்தையே வாங்கி, ஆண்டியை மறுபடி நாற்காலியில் அமர்த்துகிறார். ஆறு மாதச் சிக்கலைக் காசோலை தீர்த்துவைப்பது எழுதியவர்களின் களைப்பைக் காட்டுகிறது. 9-ஆவது சீசனுக்கு டேனியல்ஸ் மீண்டும் பொறுப்பேற்றார். ஆண்டியைப் படகில் ஏற்றி நெடுநாள் வெளியே அனுப்பினார்கள். அலுவலகம் மேலாளரே இல்லாமல் ஓடியது, சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே ஓடியது. இறுதி எபிசோடுகளில் மேலாளர் பதவி டுவைட்டுக்குப் போகிறது. காகிதத் தொழிலை உண்மையாகவே மதிப்பவர், நேசத்தைவிடக் கீழ்ப்படிதலைக் கேட்பவர், தன்னைப் பற்றித் துளியும் ஐயமில்லாதவர்: மைக்கேலுக்கு முற்றிலும் எதிரானவர், ஆனால் கேமராவுக்குத் தேவையான அந்த இடைவெளியைச் சற்றும் குறையாமல் வைத்திருப்பவர். 2011 மே மாதத்தில், கரெல் விடைபெற்ற இரண்டே வாரங்களில், டுவைட்டைத் தற்காலிக மேலாளராக்கி ஒரே ஒரு எபிசோட் எழுதிப் பார்த்திருந்தார்கள். அதில் அவர் அலுவலகத்துக்குள் தவறுதலாகத் துப்பாக்கியைச் சுட்டுப் பதவியை இழக்கிறார். விடை அந்த எபிசோடிலேயே கையில் இருந்தது. 8-ஆவது சீசனில் அவரை மீண்டும் விற்பனை மேசைக்கு அனுப்பி, பிறகு ஃப்ளோரிடாவுக்கும் அனுப்பினார்கள்.